சீசனில் வெளியீடு கிடையாது

இன்று காலை தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டது. சன்னல் வழியே வந்த ஈரக்காற்று விசைப்பலகையை நனைத்தபோது, "சீசன் வந்தாச்சுலே, இனி எதையும் வெளிய விடாத" என்று நீ சொல்வது காதில் கேட்டது.

சிறு நூலகங்கள் புத்தகக் கணக்கு வைத்துக்கொள்ள நாம் இருவரும் எழுதி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட மென்பொருளைத்தான் சொல்வாய். ஆண்டுக்கு ஒரு புதுப் பதிப்பு, பங்குனியில். ஒவ்வொரு பதிப்பையும் மூன்று சீசன் முடியும்வரை பழுது பார்த்துத் தருவோம்; பிறகு மூடிவிடுவோம். சாரல் மாதங்களில் மட்டும் வெளியீடு கிடையாது. குற்றாலத்தில் உன் லாட்ஜைக் கவனிக்கவே உனக்கு நேரம் போதாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஏன் ஒன்றும் வருவதில்லை என்று ஜெர்மனியிலிருந்து ஒருவர் கேட்டார். நான் கண்ணியமான பதிலொன்றை யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீ எழுதி அனுப்பிவிட்டாய்: "இங்கே அருவியில் தண்ணீர் விழுகிறது." அடுத்த ஆண்டு அவர் வந்து உன் லாட்ஜிலேயே தங்கினார்.

மாதம் ஒரு பதிப்பு விடலாம் என்று நான் சண்டை போட்டேன். "கடையத்து லைப்ரரியம்மா மாசாமாசம் புதுசு புதுசாப் படிச்சுக்கிட்டே இருப்பாளா? உனக்குத்தாம்லே வேற வேலை இல்ல" என்றாய். இன்றும் நான் சொன்னதே சரி என்பேன். நீ இப்போது இல்லை என்பதற்காக அதை மாற்றிக்கொள்வதாக இல்லை.

போன கார்த்திகையில் நீ போய்விட்டாய். நீ கடைசியாகக் கைவைத்த பதிப்புக்கு இது மூன்றாவது சீசன். அதற்கு அடுத்தது வந்தபோதே நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய்.

நேற்று சென்னை நிறுவனம் ஒன்று எழுதியிருந்தது. அந்தப் பதிப்பை இந்தச் சீசனோடு மூடுவதாக ஓராண்டு முன்பே நாம் அறிவித்தும் அவர்கள் இன்னும் புதியதற்கு மாறவில்லையாம். பழையதை இன்னும் ஓராண்டு நீட்ட வேண்டுமாம். நம் உழைப்பைத் தங்கள் பெயரில் விற்றவர்கள். நாம் கேட்ட ஒரு வரி நன்றியைக்கூடப் போடாதவர்கள். நீ மன்னித்துவிட்டாய்; நான் மன்னிக்கவில்லை. முடியாது என்று சொல்வது எனக்கு இனித்திருக்க வேண்டும். ஆனால் நீட்டிவிடலாம் என்றே தோன்றியது, அவர்களுக்காக அல்ல. மூடிவிட்டால், நீ எழுதியதைத் திறந்து பார்க்கும் வேலை எனக்கு இனி இருக்காது.

"தேதி சொன்னா சொன்னதுதாம்லே. நீட்டிக்கிட்டே போனா, முன்னாலயே மாறுனவன் கேனப்பயலா?" என்பாய். ஆனால் தாங்களாக மாற முடியாதவர்களைத் தேடி பஸ் ஏறிப் போய், மாற்றிக் கொடுத்த பிறகுதான் பழையதை மூடவிடுவாய்.

நிறுவனத்துக்கு ஒரே வரியில் மறுப்பு அனுப்பிவிட்டுக் கடையம் போனேன். லைப்ரரியம்மா இன்னும் உன் பதிப்பில்தான் இருந்தார். புதியதை ஏற்றி, புத்தகங்கள் எல்லாம் சரியாக வந்துவிட்டனவா என்று பார்த்து முடித்தேன்.

"அந்த அண்ணாச்சி வரலையா? அவுக இருந்தா சிரிச்சுக்கிட்டே வேலை நடக்கும். நீங்க உம்முன்னு இருக்கிய" என்றார்.

"சீசன்லா. லாட்ஜுல கூட்டம்" என்றேன்.

"ஆமா, தண்ணி நல்லா விழுதாம்லா" என்றார்.

திரும்பும் பஸ்ஸிலேயே உன் பதிப்பை மூடும் கடைசி அறிவிப்பை எழுதி வைத்தேன். இன்னும் அனுப்பவில்லை. சாரல் நின்றபின், ஆவணியில் அனுப்புவேன். சீசனில் நாம் எதையும் வெளியிடுவதில்லை.