தொடுவதற்கு முன்னால்

ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றிய பிறகு மெய்யம்மையின் மகள் உமையாளின் கைத்தோல் உரிந்துகொண்டே இருந்தது. நேற்று மகளுக்குக் களிம்பு தடவிவிட்ட கணவர், முகத்தைச் சுளித்தபடி டெட்டால் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினார். அதை மெய்யம்மையும் பார்த்தாள், பிள்ளையும் பார்த்தது. இன்று அவர் எழுமுன், கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மருந்து வாங்கக் கிளம்பியவள் சீட்டெழுதி வைத்தாள்.

"கஞ்சி பிரிஜ்ஜில இருக்கு, நல்லாக் கொதிக்க வச்சுக் கொடுங்க. புள்ளைய வெயில்ல விடாதீங்க. உங்க அக்கா வந்தா வாசலோட அனுப்பிடுங்க. புள்ள முன்னாலயே 'ஒட்டிக்குமா'ன்னு கேட்டவங்க."

கதவுவரை போனவள் திரும்பி வந்து அடியில் நெருக்கி எழுதினாள்.

"டாக்டர் கை கழுவச் சொன்னது அவளைத் தொடுறதுக்கு முன்னால, அவளுக்குக் கிருமி போயிடக்கூடாதுன்னு. தொட்டப்புறம் இல்ல. எனக்குக் குமட்டுது. அவ தோலைப் பார்த்து இல்ல."