முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால்

அன்பு மகள் ஷெறோனுக்கு,

நீ அடித்த மானை உன் புருசனின் பெயரில் விட்டுக்கொடுத்துவிட்டாய். அதைச் சொல்லிவிட்டுத்தான் சுகம் கேட்கிறேன். இங்கே லண்டனில் நானும் தம்பி டிலுக்சனும் குறையில்லாமல் இருக்கிறோம், குளிருக்கு என் வலது தோள் மட்டும் இழுக்கிறது, கனடாவில் உங்கள் சட்பரியில் பனி தொடங்கிவிட்டது என்று அறிந்தேன், நீயும் பிரதாபனும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க மடு மாதா துணை நிற்கட்டும்.

உன் மாமியார் ரொறன்ரோவிலிருந்து வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் படம் போட்டிருந்தா. பிரதாபன் மானின் கொம்பைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நிற்கிறார், கையில் உன் வில், கீழே மகன் அடித்த முதல் மான் என்று எழுத்து. நீ அதற்குக் கைதட்டியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வர, பங்குச்சபை யேசுரட்ணம் அண்ணை எல்லாருக்கும் கேட்க, "மருமகன் மான் அடிச்சிட்டாராம், ஆம்பிளைப் பிள்ளையெண்டா அப்பிடித்தான்" என்றார். "அடிச்சது என்ர மகள், மருமகன் வாகனத்துக்குள்ள இருந்து தேத்தண்ணி குடிச்சவர்" என்றேன். "பகிடி விடாதையுங்கோ பிள்ளை" என்று சிரித்தார், பக்கத்தில் நின்ற பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். இவர்கள்தான் சனிக்கிழமைகளில் கிறீன் ஸ்றீற்றில் நான் வேலை செய்யும் இறைச்சிக் கடைக்கு வந்து, கத்தியோடு நிற்கிற என்னைப் பார்த்துக்கொண்டே, வெட்ட அண்ணை ஒருத்தரும் இல்லையோ என்று கேட்கிறவர்கள். பதினாறு வருடமாக என் கையால் வெட்டியதைத் தின்கிறார்கள்.

அவ்வளவு வருடம் வெட்டிய எனக்கே நீ பாடம் எடுத்தாய் என்பதில்தான் எனக்குப் பெருமை. நீ வேட்டைக்குப் போக முன், நெஞ்சுக்கூட்டின் நடுவில் அடி என்று நான்தான் போனில் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆடு பின்காலில் தலைகீழாகத் தொங்குகிற ஆடு, முன்கால்கள் தலைப்பக்கம் சரிந்து கூடு முழுதாக வெளியே தெரியும், இதயமும் நுரையீரலும் வேறு வாளியில் வரும். நிற்கிற மானில் அந்தக் கூட்டின் முன்பாதியை முன்காலும் தோளும் மூடியிருக்கும், மிச்சத்தின் நடுவில் அடித்தால் அம்பு குடலுக்குப் போகும், அது நாள் முழுக்கக் கிடந்து சாகும் என்று நீ சொன்னாய். அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. பிறகு கடையில் ஒரு ஆட்டை மேசையில் கிடத்தி, முன்காலை நிற்கிற மாதிரி இழுத்து வைத்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி.

முதல் நாள் நீ மரத்துப் பரணில் இருக்க, மான் உன்னை நேருக்கு நேர் பார்த்து நின்றபோது நீ அம்பை விடவில்லை. கூட வந்த வேட்டைக்காரர்கள், பயந்துவிட்டாய் என்று நக்கல் அடித்தார்கள். அடுத்த நாள் அது பக்கவாட்டில் திரும்பி முன்காலை ஓரடி முன்னே வைக்கும்வரை வில்லை இழுத்துப் பிடித்திருந்து, காலின் பின்கோட்டிலிருந்து நாலு விரல் தள்ளி, வயிற்றுக் கோட்டுக்கு மேலே மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் விட்டாய். உடனே ஓடிப் போகாமல் அரைமணி நேரம் மரத்திலேயே இருந்தாய். அன்றிரவு நீ போனில் சொன்னபடி, இறங்கிப் பார்க்க இரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்துக் கிடந்ததாம், எண்பது அடி தள்ளி மான் விழுந்து கிடந்ததாம். இரண்டு நுரையீரலும் போயிருக்கும், அதற்குக் கனநேரம் நோகவில்லை. எந்த ஆம்பிளைப் பிள்ளையும் இதைவிடத் திறமாய்ச் செய்யமாட்டான்.

பிரதாபன் எனக்குப் போன் எடுத்து, "மாமி, அம்மாதான் போட்டவ, நான் சொல்லேல்ல" என்றார். அவர் சொல்லவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. மருமகள் வேட்டைக்குப் போகிறாள் என்றால் சனம் என்ன சொல்லும் என்று அந்த மனுசிக்குப் பயம். அந்தப் பயத்தை நீ ஏன் சுமக்கிறாய்? இப்போது விட்டுக்கொடுத்தால் நாளைக்கு உன் வேலையையும் உன் சொல்லையும் இப்படித்தான் அவர்கள் தங்கள் பெயரில் எழுதுவார்கள்.

தேவன் உனக்கு நீண்ட ஆயுளும் நடுங்காத கையும் தரட்டும். மரத்தில் ஏறினால் இடுப்புப் பட்டியைக் கட்டு, இறைச்சியை நன்றாக அவித்துச் சாப்பிடு. ஏன் விட்டுக்கொடுத்தாய் என்று வாட்ஸ்அப்பில் மூன்று முறை கேட்டுவிட்டேன், பார்த்திருக்கிறாய், ஒரு சொல் வரவில்லை, அதனால்தான் முத்திரை ஒட்டி அனுப்புகிறேன். மானை அடித்தது நான் என்று அந்தக் குழுவில் உன் கையால் எழுது.

உன் அம்மா,
அருள்மலர்
அப்டன் பார்க், லண்டன்