நடுநிலை மலையில் விழுந்த குண்டு

செமுல்போ, முதல் மாதம், பௌர்ணமி கழிந்து

இன்-ஹோவுக்கு உன் அப்பா எழுதுவது. நாங்கள் சுகம் என்று எழுதுவது எப்போதும் வெறும் சம்பிரதாயம், இந்த முறை அதுவே செய்தி, ஏனென்றால் புத்தாண்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நம் துறைமுகத்திலேயே கப்பல் சண்டை நடந்து, அதற்குப் பிறகும் நாங்கள் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்த ஹவாய்த் தீவுக் கரும்புக்காட்டில் கைகால் சேதமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அம்மா தினமும் விடியலில் முதல் தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்து வைத்து உனக்காகக் கும்பிடுகிறாள், அந்தத் தண்ணீரில் பாதியை நாய் குடிக்கிறது, அதனால் நாய் நன்றாக இருக்கிறது. நீ கப்பலேறிய அன்று நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. உன் தக்-போ சித்தப்பன் நம் மலையில் களவாகப் போட்ட அந்தக் கல்லறை மேடு என் அப்பாவின் தலைமாட்டில் இருக்கும்வரை இந்த வீடு உருப்படாது, அது போகிறவரை நீயும் வராதே என்றேன். சொன்ன சொல்லை மாற்றுகிறவன் நான் இல்லை. இப்போது அந்த மேடு போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் ஊர்ப் பத்திரிகைகள் வீரம், தியாகம் என்றெல்லாம் எழுதியிருக்கும், நடந்ததை நான் சொல்கிறேன். ரஷ்யாவும் ஜப்பானும் எங்கே வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும், நாங்கள் யார் பக்கமும் இல்லை என்று நம் அரசர் போன மாதமே உலகத்துக்கெல்லாம் தந்தி அடித்துவிட்டார். உலகம் அதைப் படித்துவிட்டு நேராக நம் வீட்டு முற்றத்துக்கே வந்து அடித்துக்கொண்டது. சண்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஜப்பான் சிப்பாய்கள் கரையிறங்கி, வாடகை கொடுத்தவர்கள் மாதிரி தெருவில் நடந்தார்கள். மறுநாள் மதியத்துக்குள் வெளியே வா, இல்லாவிட்டால் உள்ளே வந்து அடிப்போம் என்று துறைமுகத்தில் நின்ற இரண்டு ரஷ்யக் கப்பல்களுக்கும் அவர்கள் ஆள் அனுப்பினார்களாம். ஊரே மலையேறியது. வெள்ளை உடுப்பும் குதிரைமயிர்த் தொப்பியுமாக நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததைக் கடலிலிருந்து பார்த்தவன் கொக்குக் கூட்டம் என்று நினைத்திருப்பான். மிட்டாய்க்காரன் கத்தரிக்கோலைத் தட்டிக்கொண்டே, வாயில ஒண்ணப் போட்டுக்கிட்டுப் பாருங்கய்யா, பல்லு ஒட்டிக்கிட்டா பயந்து கத்த வேண்டியதில்லன்னு விற்றான். நன்றாகவே விற்றது.

ரஷ்யக் கப்பல்கள் பாண்டு வாத்தியம் முழங்கப் புறப்பட்டன. நின்றிருந்த ஆங்கிலேயன், பிரெஞ்சுக்காரன், இத்தாலிக்காரன் கப்பல்களிலெல்லாம் மாலுமிகள் ஓரத்துக்கு வந்து தொப்பியை ஆட்டி ஆரவாரம் செய்தார்கள். கூடப் போகவில்லை, ஆட்டினார்கள், அவ்வளவுதான். வெளியே பெரும் கூட்டமாக ஜப்பான் கப்பல்கள் காத்திருந்தன. ஒரு சாப்பாட்டு நேரம் இடி இடித்தது, தண்ணீர் தூண் தூணாக எழும்பியது. அப்புறம் பெரிய ரஷ்யக் கப்பல் கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு திரும்பி வந்தது. சாயங்காலம் சின்னதை அவர்களே வெடி வைத்துத் தகர்த்தார்கள், பெரியதை அவர்களே மூழ்கடித்தார்கள். அந்த வெடியில் நம் வீட்டு ஜன்னல் காகிதமெல்லாம் கிழிந்தது. நான் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினேனாம். குண்டு விழுந்தா தொப்பியப் பிடிக்கிற மனுஷன், பொண்டாட்டி கையப் பிடிக்கத் தோணல பாருன்னு உன் அம்மா இதுவரை எல்லாப் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டாள்.

சண்டை நடக்கும்போதே வழிதவறிய ஒரு குண்டு எங்கள் தலைக்கு மேலே போய் நம் கல்லறை மலையில் விழுந்தது, மண் கிளம்பியதை நானே பார்த்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் தக்-போ அங்கே உட்கார்ந்திருந்தான். உன் தாத்தாவின் மேட்டில் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவருக்கு மேலே, தக்-போ வெளியூரில் செத்துப்போன தன் அப்பாவை, அதாவது என் சித்தப்பாவை, கொண்டுவந்து புதைத்ததாகச் சொன்ன இடத்தில் மேடே இல்லை, பள்ளம்தான் இருந்தது. எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. உலகத்தில் இத்தனை மலை இருக்க, அந்தக் குண்டுக்கு நியாயம் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன். பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தேன். பெட்டி இல்லை, எலும்பு இல்லை. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றின ஒரு பொட்டலம் கிழிந்து கிடந்தது, அதற்குள் நசுங்கின ஒரு தொப்பியும் ஒரு ஜோடி செருப்பும். மலையைப் பிடிக்க வெறும் மண்ணைக் குவித்து உள்ளே ஆள் இருப்பதாகக் காட்டுவது நம் ஆட்களுக்குப் புதிதல்ல, ஆனால் பத்து வருஷம் என் கண் முன்னாலேயே அறுவடைப் பண்டிகைக்குப் பண்டிகை அந்த மண்ணுக்கு அரிசிக் கள் ஊற்றி ஒப்பாரி வைத்தானே! தலைமாட்டில் பிணம் அழுத்துவதால்தான் எனக்கு அரசு உத்தியோகம் கிடைக்கவில்லை, அதனால்தான் படித்த படிப்புக்குரிய பரீட்சையையே அரசாங்கம் ஒழித்தது, அதனால்தான் நீ குடுமியை வெட்டிக்கொண்டு கப்பலேறினாய் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். திருடா, ஒரு தொப்பியை வச்சாடா நீ என் குடும்பத்த அழுத்தினன்னு கத்தினேன். அவன் தொப்பியின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் புகார் கொடுக்க அலுவலகத்துக்குப் போனேன். குண்டு போட்டவன் மேல் ஒன்று, பொய்க் கல்லறை போட்டவன் மேல் ஒன்று. அங்கிருந்த எழுத்தர், நான் படிப்பு சொல்லிக் கொடுத்திருந்தால் இரண்டாம் நாளே துரத்தியிருக்கக்கூடியவன், வாத்தியாரய்யா, நாம நடுநிலை நாடு, அதனால நம்ம மண்ணுல குண்டு விழ முடியாது, குண்டு விழாததால பள்ளமும் கிடையாது, இல்லாத பள்ளத்துக்குள்ள நீங்க எதைப் பாத்திருக்க முடியும்னு கேட்டான். நான் அவனை அடிக்கவில்லை. உன் அம்மா கூட வந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மேடு போய்விட்டது, கிளம்பி வா, வசந்தத்தில் தாத்தாவின் மேட்டுக்குப் பேரன் கையால் புல் பதிக்க வேண்டும் என்று பாதி எழுதிவிட்டேன். உன் அம்மா சந்தோஷத்தில் கிணற்றடியில் யாரிடமோ சொல்ல, அது தக்-போ காதுக்குப் போய், பத்து வருஷமாக நம் வாசல் பக்கம் தலைவைக்காதவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டான். அண்ணே, பிள்ளைய வரச் சொல்லாதீங்கன்னான். ஏன்டா, எம்புள்ளைய நான் கூப்பிட உன்கிட்ட உத்தரவு வாங்கணுமான்னேன். சந்தையில பாக்கலையா அண்ணே, சிப்பாய்ங்க வயசுப் பசங்களப் பிடிச்சு மூட்டை தூக்க வடக்க ஓட்டிட்டுப் போறானுங்க, பத்து வருஷம் முந்தி நடந்த சண்டையில எங்கப்பாவையும் இப்படித்தான் பிடிச்சானுங்க, பியோங்யாங் வரைக்கும் சுமந்தா போதும், நாலு நாள்ல வந்துருவாருன்னானுங்கன்னான். வரவில்லை. ஊர் ஊராகத் தேடியிருக்கிறான், பிணமும் கிடைக்கவில்லை. பிடிக்கும்போது கீழே விழுந்த தொப்பியையும், சந்தைக்குப் போகும்போது வீட்டில் விட்டுப்போன நல்ல செருப்பையும் கொண்டுவந்து அவருடைய அண்ணனான என் அப்பா பக்கத்தில் வைத்திருக்கிறான். எங்கிட்ட ஏன்டா சொல்லலன்னேன். சொல்லியிருந்தா பொணமில்லாம கல்லறை எதுக்குன்னு சடங்குப் பொஸ்தகத்தத் திறந்திருப்பீங்கன்னான். திறந்திருப்பேன்தான், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. பிறகு அவன் வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, பிள்ளை அங்கேயே இருக்கட்டும் அண்ணே, இன்னொரு தொப்பியப் புதைக்க அந்த மலையில இடமில்லன்னான்.

நான் எழுதின பாதியைக் கிழித்துவிட்டேன். தக்-போவை மன்னித்துவிட்டேன் என்று உன் அம்மா சொன்னால் நம்பாதே. நானும் அவனும் இப்போது நடுநிலை, அவ்வளவுதான். மேலே அவன் தன் அப்பாவுக்கு மறுபடி மண் குவிக்கிறான், கீழே நான் என் அப்பாவுக்குக் குவிக்கிறேன், மண்வெட்டி ஒன்றுதான் என்பதால் பேச வேண்டியிருக்கிறது. மேல்மண் கீழே சரியாமல் கல் அடுக்குடா என்றேன், அடுக்கினான். தலைமாட்டில் அழுத்த ஆளே இருந்ததில்லை என்று ஆகிவிட்டபின் என் கெட்ட காலத்துக்கெல்லாம் யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. அந்த ஒரு வசதியையும் பிடுங்கிக்கொண்டான் பாவி.

ஆக, மேடு போகிறவரை வராதே என்றேன், மேடு போய்விட்டது, இன்னும் வராதே. இந்தச் சிப்பாய்கள் சந்தையை விட்டுப் போனபிறகு நானே எழுதுவேன், வேறு யார் எழுதிக் கூப்பிட்டாலும், அம்மாவே கூப்பிட்டாலும் கப்பலேறாதே. வெயிலில் தலையை மூடிக்கொள். சாராயக்காரன் பக்கம் போகாதே, போனாலும் கடன் சொல்லாதே. மூத்தவர்கள் எல்லோருடைய ஆசியும் உனக்கு உண்டு, மலையில் இருப்பவர்களுடையதும், இல்லாதவருடையதும். கடைசியாக ஒன்று. நீ விட்டுப்போன தொப்பியை அம்மா எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் பத்திரப்படுத்தியிருந்தாள். அதை வெளியே எடுத்து வாசல் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டேன். குடுமி வெட்டிக்கொண்டவன் தலையில் அது நிற்காது. பரவாயில்லை, தூசு தட்டி வைக்கிறேன், நீயே வந்து எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மேங் சுன்-தே