ஒரு வீட்டுக்கு மட்டும் கேட்கும் பாட்டு

என் கூட்டாளிக்கு,

அக்கரைப்பற்றிலிருந்து லென்ஸ் வந்துவிட்டது. யாரோ கழித்துவிட்ட பழைய பெட்டியிலிருந்து எடுத்ததாம். பழுது பார்ப்பவர் அதை என் சீடி பிளேயரில் பொருத்தி இன்று காலை கொண்டுவந்து தந்தார். மூடியைத் திறந்ததும் ஈயம் உருக்கிய வாசனை. நீர்ப்பாசன இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றபின் ஊரில் உள்ள உடைந்த ரேடியோ எல்லாவற்றையும் தேடிப்போய்த் திருத்திய உன் சட்டையிலும் இதே வாசனைதான் அடிக்கும். கொஞ்ச நேரம் மூடியைப் பிடித்தபடியே நின்றேன்.

"வாப்பா, எதக் கழட்ட?" என்று மகள் கேட்டாள். வீட்டை அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தபின் எனக்கென்று மிஞ்சியது முன்னறையும் சீடி அலுமாரியும்தான் என்பது உனக்குத் தெரியும். அலுமாரிக்குப் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பிளக். அதில் நீ கொண்டுவந்து மாட்டிய ஸ்பீக்கர் இன்னும் செருகிக் கிடக்கிறது. பிளேயரை வைப்பதென்றால் அதைக் கழற்ற வேண்டும்.

நீ அதைக் கொண்டுவந்த நாளில் நாம் சண்டை பிடித்தோம். கடற்காற்றில் என் பிளேயரின் லென்ஸ் மங்கி, எல்லாப் பாட்டும் விக்கத் தொடங்கியிருந்த காலம். நீ கைத்தொலைபேசியைக் காட்டி, உலகத்துப் பாட்டெல்லாம் இதற்குள் வரும் என்றாய். பிறகு உன் தொழில் பாஷைக்கு இறங்கினாய்.

"வாய்க்கால்ல தண்ணி வந்துக்கிட்டே இரிக்கக்குள்ள, குடத்த என்னத்துக்கு மச்சான் அடுக்கி வெச்சிரிக்காய்?"

"மேல ஒருத்தன் துருச அடைச்சா என்ன செய்வாய்?" என்றேன். முப்பது வருடம் வயல்களுக்குத் தண்ணீர் விடும் மதகை, துருசை, திறந்தும் அடைத்தும் பிழைத்த மனிதனிடம் கேட்ட கேள்வி. நீ சிரித்தாய். நான் விடவில்லை. "நான் கடையில சாரன் துணி விக்கிறவன். வாங்கினா சாமான் கையில இரிக்கணும். எண்ட சீடி எண்ட ஊட்டோட பாடும்" என்றேன்.

"உண்ட புடிவாதம் உன்னோட இரிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே என் போனில் உன் கணக்கைப் போட்டுத் தந்தாய். ஒரே கணக்கு, இரண்டு வீட்டில் இரண்டு ஸ்பீக்கர். உன் வீட்டில் இருந்தபடியே என் வீட்டு ஸ்பீக்கரைப் பாடவைக்க முடியும் என்று அடுத்த நாள்தான் எனக்குத் தெரிந்தது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து சாய்ந்திருந்தேன். யாரும் தொடாமலே பெட்டி பாடத் தொடங்கியது. கல்முனைக் கடையில் நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய முதல் சீடியில் இருந்த சினிமாப் பாட்டு, வயலினோடு தொடங்குவது. பதறியடித்து உனக்குப் போனில் கோல் எடுத்தேன். "தேத்தண்ணிக்கு வாறியா?" என்றாய். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட நீ கோல் எடுத்ததே இல்லை, பாட்டைத்தான் போடுவாய். வயலின் கேட்டால் நான் செருப்பைப் போடுவேன். தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் நீ அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இருப்பாய். என் சீடியில் இரண்டாம் சரணத்தில் ஒரு கீறல், அங்கே ஒரு வரியைத் தாண்டிப் பாயும். உன் வாய்க்காலில் வந்த பாட்டில் கீறல் ஏது? ஆனாலும் நீ அந்த வரியைப் பாய்ந்துதான் பாடுவாய். அதைச் சொல்லி உன்னைக் கேலி செய்ய வேண்டும் என்று வைத்திருந்தேன், செய்யவில்லை.

நீ மௌத்தாகி, உன்னை அடக்கிப் பதினாறாம் நாள், அஸருக்குப் பிறகு, அந்தப் பாட்டைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நானே போட்டேன். சத்தம் வரவில்லை. கூட்டினேன், மேலும் கூட்டினேன், கடைசி மட்டும் கூட்டினேன். என் ஸ்பீக்கர் ஊமையாகவே இருந்தது. பழுதாகிவிட்டது என்று நினைத்துப் போனை மேசையில் போட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் உன் மகள் கோல் எடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள். "மாமா, வாப்பாட பெட்டி தன்னால பாடுது. பொம்புளையள் யாசீன் ஓதிக்கிட்டு இரிக்காங்க. எப்பிடி நிப்பாட்டுற?"

கணக்கில் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பெயரில் அடுத்தடுத்துக் கிடந்தன. நான் தொட்டது உன் வீட்டு ஸ்பீக்கரை. "வயரக் கழட்டு மகள்" என்று மட்டும் சொன்னேன். நான்தான் போட்டேன் என்று சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்றும் இருக்கிறது.

அடுத்த நாள் கடையில் சாரன் பார்க்க வந்த இரண்டு பெண்கள், புருஷனை இழந்தவள் இத்தா இருக்கிற வீட்டில் காதல் பாட்டுப் போட்டார்களாம் என்று கதைத்தார்கள். புருஷன் போய் ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் இப்படியா என்றாள் ஒருத்தி. என் கையில் இருந்த சாரனைக் கீழே வைத்தேன். அவர்களிடம் சொன்னேன், அது என் போனால் வந்த பிழை என்று. கடையைப் பூட்டிவிட்டு உன் வீட்டுக்கு நடந்தேன்.

இத்தாவில் இருப்பதால் உன் மனைவி ஆண்கள் முகம் பாராமல் அறைக்குள், திரைச்சீலைக்கு அப்பால். நான் இந்தப் பக்கம் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் முகத்துக்கு நேரே தேத்தண்ணி தந்து, அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டுப் பழகிய தங்கச்சியிடம் துணியைப் பார்த்துக் கதைப்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

"தங்கச்சி, நேத்து அந்தப் பாட்டப் போட்டது நான்தான். எண்ட ஊட்ட பாடும் எண்டு நெனச்சிப் போட்டன். புள்ளையிட்டயும் மறைச்சிட்டன். மன்னிச்சிக்கங்க."

கோபமாக இருப்பாள் என்று நினைத்து எழும்பப் பார்த்தேன்.

"காக்கா, அவரு உங்களக் கூப்புடத்தானே அந்தப் பாட்டப் போடுவாரு" என்றாள். "நேத்து நீங்க அவரக் கூப்புட்டிரிக்கீங்க. இதில மன்னிக்க என்ன இரிக்கி?"

திரைக்கு இந்தப் பக்கம் இருந்து அழுதேன். உன்னை அடக்கிய நாளிலும் நான் அப்படி அழவில்லை.

பிறகு, கணக்கை மூடிவிடச் சொல்லவா என்று கேட்டாள். மூடச் சொன்னேன். நீ இல்லாத வீட்டில் உன் பாட்டை இன்னொரு தரம் அலறவிட எனக்கு மனமில்லை. அன்றோடு என் ஸ்பீக்கரும் அடங்கியது. துருசை அடைக்கச் சொன்னவன் நானேதான் மச்சான்.

இன்று மகளிடம் ஸ்பீக்கரைக் கழற்றச் சொன்னேன். துணியில் சுற்றி, சீடிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அஸர் தொழுதுவிட்டு வந்து, நமது சீடியைப் பிளேயரில் போட்டேன். லென்ஸ் நன்றாகத்தான் வேலை செய்கிறது. வயலின் சுத்தமாகக் கேட்டது. இரண்டாம் சரணத்தில் அதே இடத்தில் பாய்ந்தது. நானும் கூடவே பாய்ந்தேன். பாட்டு முடியும்போது செருப்பைப் போட்டுவிட்டிருந்தேன்.

சீடி வைத்த வீட்டில்தான் பாடும். அடுத்த வீட்டுக்குக்கூடப் போகாது. உன்னிடம் வாதாடியபோது இதைத்தான் அதன் பெருமையாகச் சொன்னேன். இன்று படியிறங்கும்போது அது எனக்குப் பெருமையாக இல்லை. தேத்தண்ணிக் கடையைத் தாண்டி, உன்னை அடக்கிய மையவாடிக்கு வந்தேன். உன் தலைமாட்டில் நட்ட மீசான் கட்டையருகே நின்று ஸலாம் சொன்னேன். நாளைக்கும் அஸருக்குப் பிறகு அந்தப் பாட்டைப் போடுவேன். அது என் வாசலோடு நின்றுவிடும். மிச்சத் தூரத்தை நான் நடந்து வருவேன்.