ஒரு வாளி சோப்புக் கரைசல்

என் வீட்டுக்காரிக்கு அன்புடன்,

அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? பாப்பா அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். இடது கையில் சின்னக் கட்டு, அவ்வளவுதான்.

பட்டறைக் கிரீஸ் கடைப் பவுடருக்கு அசைவதில்லை. அதனால் பார் சோப்பைத் துருவி, சலவை சோடா போட்டு, வெந்நீரில் ஒரு வாளி நானே கரைத்துவைத்தேன். அறையில் உடன் இருக்கும் லாரி டிரைவருக்குப் பொறுக்கவில்லை. “பேசாம வீட்டுக்குப் போயி பொண்டாட்டி சேலையத் தொவைடா” என்று வாளியை எட்டி உதைத்தான். உன்னை எதற்கு இழுக்கிறான்? விட்டேன் ஓர் அறை. அவன் துருவியை எடுத்து என் கையில் ஒரே இழுப்பாக இழுத்தான். தோல் சோப்புச் சீவலாட்டம் வந்தது. நான் அந்த இரும்பு வாளியாலேயே அவன் மணிக்கட்டை உடைத்தேன். ரத்தத்திலும் நுரையிலும் இருவரும் வழுக்கி விழுந்த பிறகுதான் ஓய்ந்தோம்.

உடைந்த கையோடு அவன் எப்படித் துவைப்பான்? வாளியடியில் ஒட்டிக்கிடந்த சோப்பில் தண்ணீர் ஊற்றி அவன் சட்டையையும் நான்தான் அலசினேன். ரத்தக்கறை சுத்தமாகப் போய்விட்டது. “நல்லாத்தான்டா காய்ச்சியிருக்க” என்கிறான், படுபாவி.

அடுத்த வாளியை வடிகட்டத் துணி இல்லை. நீ உடுத்திய பழைய சேலை ஒன்று அனுப்பு. பட்டறை வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். சேலையைத் துவைத்துவிடாதே. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் புருஷன்