மாமன் தந்த இருவர் வண்டி

ஹவுன்ஸ்லோ
8.4.1985

அன்பும் மதிப்பும் நிறைந்த கமலாம்பிகை அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்திருக்கும் என நம்புகிறேன். அத்தான் காலமான பிறகு மலர் ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து தனியே பஸ்ஸுக்கு நிற்பதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. வருஷப்பிறப்புக்கு அவளுக்கொரு கார் கொண்டுவருகிறேன். தாய்மாமன் சீர், மறுக்கக் கூடாது.

எங்கள் தொழிற்சாலை செய்யும் லின்னெற் என்ற புதுக் கார்தான் அது. அதன் எஞ்சின் முன்னால் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால், பின்சக்கரச் சில்லுகளுக்கு முன்னால், வண்டியின் நடுவயிற்றில் இருக்கிறது. இப்படிப்பட்ட அமைப்பு இதுவரை பெரும் பணக்காரரின் கார்களுக்கே உரியது. நாங்கள் எங்கள் சின்னக் குடும்பக் காரின் எஞ்சினையும் கியர்பெட்டியையும் அப்படியே தூக்கிப் பின்னால் வைத்துவிட்டோம். ஆகவே இன்று ஒரு தாதியும் தபால்காரனும் வாங்கலாம். பத்திரிகைகள் புகழ்கின்றன, சனம் மாதக்கணக்கில் காத்திருக்கிறது. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியையும் குளிர்நீர்க் குழாய்களையும் வரைந்த நால்வரில் உங்கள் தம்பியும் ஒருவன்.

ஒரேயொரு குறை, இருக்கை இரண்டுதான். மலரும் நீங்களும் போங்கள். நான் ரயிலில் வருவேன்.

உங்கள் தம்பி
செல்வரத்தினம்

*

சிவமயம்

மனோர் பார்க்
16.4.1985

அன்பிற்குரிய தம்பி செல்வரத்தினத்துக்கு,

எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருளால் நீ நலமே வாழ்க. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு வாய் தேநீரும் அருந்தாமல் வேலைக்கு ஓடிவிட்டாய். அது எனக்கு மனக்குறைதான்.

மறுநாள் கோவிலில் பூசை செய்வித்தோம். குருக்கள் முன்மூடிக்குச் சந்தனமும் குங்குமமும் சாத்தி, மாலை அணிவித்து, தேங்காய் உடைத்து, நெடுநேரம் மந்திரம் ஓதினார். பின்பு எஞ்சினுக்குத் திருநீறு இடவேண்டும், திறவுங்கள் என்றார். மலர் திறந்தாள். உள்ளே ஒரு உபரிச் சில்லும் அவளுடைய குடையும் கிடந்தன.

"என்ன பிள்ளை, எஞ்சினை எங்க காணேல்லை?"

"அது பின்னால ஐயா."

"அப்ப நான் இவ்வளவு நேரமும் சில்லுக்கே பூசை செய்தனான்? முதலே சொல்லப்படாதே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் மணியோசையும் கேட்கவில்லை. குருக்கள் தாமும் சிரித்துக்கொண்டே பின்னால் சென்று, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்தார். உன் மருமகள் இப்போது தெருவெல்லாம் ராணிபோலத் திரிகிறாள். "மாமா செய்த கார்" என்று காண்பவரிடமெல்லாம் சொல்கிறாள். தகப்பனை இழந்த பிள்ளையின் முகத்தில் இந்த ஒளியைக் கண்டு நாளாயிற்று. உன் கைகளுக்கு ஒரு குறையும் வராதிருக்க நாளும் பதிகம் ஓதுகிறேன்.

உன் அக்கா
கமலாம்பிகை

*

சிவமயம்

மனோர் பார்க்
30.11.1986

அன்பிற்குரிய தம்பிக்கு,

உன் பதவி உயர்வு அறிந்து மகிழ்ந்தேன். வீதிக்கு வீதி லின்னெற் தென்படுகிறது. மலர் ஒவ்வொன்றுக்கும் கை அசைக்கிறாள்.

ஆயினும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் மலர் வேலை செய்யும் நோயாளர் விடுதியில் டொலறஸ் என்றொரு மன்னார்ப் பெண் கிடக்கிறாள். கணவர் யேசுரட்ணம். மோர்டனில் இருக்கிறார்கள்; வேதக்காரர், நல்ல மனிதர்கள். அவர்களிடமும் இதே வண்டி. மாதா கோவிலில் பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில் முதுகுப்புறம் புகை கிளம்பியிருக்கிறது. இருவரும் இறங்கிவிட்டார்கள். என்னவென்று பார்க்கப் பின்மூடியைத் தூக்கிய டொலறஸின் இரு கைகளும் வெந்துபோயின. அக்கைகளுக்குத் தினமும் மருந்திட்டுக் கட்டுகிறவள் மலர்.

நான் மலரிடம், "எங்கட காருக்கும் அப்பிடி வராதோ பிள்ளை?" என்றேன். அதற்கு அவள், "அம்மா, ஏதும் பிழையெண்டா மாமா சொல்லாமல் இருப்பாரோ? உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்றாள்.

ஆகவே சொல்ல வேண்டியவனிடமே கேட்கிறேன். இந்த வண்டியில் என் மகள் போகலாமா?

உன் அக்கா
கமலாம்பிகை

*

ஹவுன்ஸ்லோ
10.12.1986

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை மிகுதியால் சுருக்கமாக எழுதுகிறேன். ஆயிரக்கணக்கில் ஓடும் வண்டிகளில் ஒன்றிரண்டுக்கு ஏதாவது நேர்வது எல்லாக் கம்பனிக்கும் உள்ளதுதான். பலர் எண்ணெய் பார்ப்பதே இல்லை. எண்ணெய் குறைந்த எஞ்சினை விரட்டினால் எந்த வண்டியும் கோபிக்கும். மலரை வாராவாரம் எண்ணெய் பார்க்கச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் வேகமாக ஓட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். தொழிற்சாலை விஷயங்களை வெளியில் பேசுவதற்கு எங்களுக்கு அனுமதி இல்லை. இது உங்களுக்கு விளங்கும்.

அந்த அம்மாவின் கைகள் குணமாகட்டும்.

தம்பி
செல்வரத்தினம்

*

சிவமயம்

மனோர் பார்க்
16.2.1987

தம்பி செல்வரத்தினத்துக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எண்ணெய் பற்றிச் சொன்னாய். வேகம் பற்றிச் சொன்னாய். நான் கேட்டதற்கு மறுமொழி அதில் இல்லை. தொலைபேசியில் அழைத்தால் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

முப்புரம் எரிக்கப் புறப்பட்ட இறைவனுடைய தேருக்கே நடுவழியில் அச்சு முறிந்தது என்று கேட்டிருக்கிறோம். ஆகவே வண்டி பழுதாவதை நான் குற்றமாக எண்ணவில்லை. நீ தேர்ந்த பொறியியலாளன். உன் அளவைகளும் கணக்குகளும் எனக்கு விளங்கா. எனக்கு விளங்கும் ஒரு வழியில் கேட்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குக் கோவிலுக்கு வா. சந்நிதியில் கற்பூரம் கொளுத்தி வைக்கிறேன். அச்சுடரின் மேல் கை வைத்து, "மலர் இந்தக் காரில போகலாம்" என்று ஒரு சொல் சொல். காரணம் கேட்கமாட்டேன். உன் கம்பனியின் இரகசியமும் எனக்கு வேண்டாம். அதன் பிறகு இதைப் பற்றி வாய் திறக்கவும் மாட்டேன்.

கமலாம்பிகை

*

சிவமயம்

மனோர் பார்க்
21.2.1987

தம்பிக்கு,

நேற்றுத் திரை விழும்வரை நின்றேன். நீ வரவில்லை. கற்பூரத்தைக் கொளுத்தாமலே பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

பொய்ச்சத்தியம் செய்ய உன்னால் இயலாது என்பதை நான் அறிவேன். அதனால்தான் அங்கு அழைத்தேன். நீ வராததே எனக்குப் பதிலாயிற்று. கார்ச் சாவி இப்போது சாமி அறையில், வேலவன் படத்தடியில் இருக்கிறது. மலர் மூன்று நாளைக்கு என்னோடு பேசமாட்டாள் போலிருக்கிறது.

"மாமா ரோட்டில எங்கையேன் மாட்டுப்பட்டிருப்பார். அதுக்காகக் காரைப் பூட்டி வைக்கிறதோ?"

"ஓம் பிள்ளை. அதுக்காகத்தான்."

இன்று காலை அவள் மழையில் நனைந்து பஸ்ஸுக்குப் போனாள்.

அக்கா

*

ஹவுன்ஸ்லோ
5.9.1988

அன்புள்ள அக்காவுக்கு,

நெடுநாளாக எழுதவில்லை, மன்னியுங்கள். பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். விற்ற லின்னெற்றுகளை எல்லாம் திருத்துவதற்குத் திருப்பி அழைத்தோம். இன்சூரன்ஸ்காரர் கைவிட்டார்கள், வாங்க வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். போன மாதத்தோடு உற்பத்தி நின்றுவிட்டது.

அக்கா, எனக்கு ஆறாத துயரம் எதுவென்றால், இந்த வருஷத்து வண்டியில் எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டது. எண்ணெய்த் தொட்டி பெரிது, எஞ்சினுக்குள் தண்டு முறிவதில்லை, சூடான குழாயில் எண்ணெய் சிந்தித் தீப்பற்றுவதில்லை. முதல் நாளே எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்தோமோ அப்படியே வந்திருக்கிறது. அப்படிச் சரியாக வந்த ஆண்டிலேயே மூடிவிட்டார்கள். கடைசி வண்டி வெளியே போனபோது தொழிலாளர்கள் கை தட்டினார்கள். என்னால் ஏலவில்லை.

மலரின் வண்டியை அனுப்புங்கள். புதுத் தொட்டியை நானே பொருத்தித் தருகிறேன். இப்போது நீங்கள் எந்தச் சந்நிதியில் கேட்டாலும் கற்பூரத்தில் கை வைத்துச் சொல்வேன்.

மலருக்குத் தை மாதம் கலியாணம் என்று அறிந்தேன். மாப்பிள்ளை ஆனந்தராஜா நல்ல பிள்ளையாம். தாய்மாமன் நான் ஒருவன்தான் இருக்கிறேன். அவளை மணவறைக்குக் கைபிடித்துக் கூட்டிவர எனக்கு அனுமதி உண்டா?

தம்பி
செல்வரத்தினம்

*

சிவமயம்

மனோர் பார்க்
18.9.1988

அன்பிற்குரிய தம்பி செல்வரத்தினத்துக்கு,

உன் கடிதம் கண்டு அழுதேன். நீ பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த ஒன்று சரியாகி எழும் நேரத்தில் முடிந்துபோயிற்று. அந்தத் துயரம் மெய்யானது. அதை நான் சிறிதும் குறைத்து எண்ணவில்லை.

இப்போது நீ செய்யும் சத்தியமும் மெய்யாகவே இருக்கும். ஆனால் அது யாருக்கு உதவும்?

அந்த வெள்ளிக்கிழமை நீ வராததால் என் மகள் தப்பினாள். அதற்காக உன்னை வாழ்த்தாத நாளில்லை. ஆயினும் தம்பி, பூசையில் நிற்கும்போதெல்லாம் ஒரு நினைவு வந்து என் வாயை அடைக்கிறது. உன்னைச் சந்நிதிக்கு அழைக்க மலருக்கு ஒரு தாய் இருந்தாள். அந்த வண்டியை வாங்கிய மற்றவர்களுக்கு யார் இருந்தார்கள்? அவர்கள் மேலும் ஒரு மாரிகாலம் முழுவதும் அதை ஓட்டினார்கள். என் பிள்ளை தப்பியது போதும் என்று நானும் சாவியைப் பூட்டிவிட்டு இருந்துவிட்டேன்.

டொலறஸ் இப்போதும் மலரிடம் வந்து போகிறாள். வலது கை விரல்கள் முழுதாக மடங்கா. செபமாலையை இடது கையால் உருட்டப் பழகிக்கொண்டாளாம். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மலரின் மாமன் யார் என்று அவளுக்குத் தெரியாது. நீ அறிந்திருந்தும் சொல்லாமல் இருந்தாய் என்பது மலருக்கு இப்போது தெரியும். உன்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்வதில்லை. "மாமா செய்த கார்" என்பதையும் சொல்வதில்லை.

தாய்மாமன் சீரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆகவே சாவி வேலவன் படத்தடியிலேயே இருக்கும். மாமனின் உரிமையைப் பறிக்கும் வழக்கமும் இல்லை. மணவறைக்கு மலரை அழைத்துவர உன்னைத் தவிர ஒருவரையும் கேட்கமாட்டேன். நீ வராவிட்டால் அவள் தனியே நடந்து வருவாள்.

தைக்கு இன்னும் நாளிருக்கிறது. மோர்டனில் அவர்கள் வீடு ரயில் நிலையத்திலிருந்து நடை தூரம்தான். விலாசம் பின்புறத்தில் எழுதியிருக்கிறேன். போய் நீ யார் என்று சொல். அதற்கு மேல் என்ன சொல்வதென்று நான் உனக்குச் சொல்லித்தரமாட்டேன்.

அந்தக் கையைப் பார்த்துவிட்டு வந்து, இந்தக் கையைப் பிடி.

என்றும் உன் நலம் வேண்டும் அக்கா
கமலாம்பிகை