ஜூலையில் பெய்த மழை

மில்லர்புரம்
28.10.2024

அன்புள்ள டயானா,

நலம்தானா? அம்மா எப்படி இருக்கிறார்கள்? பத்து நாளாக நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் இந்தக் காகிதம்.

எங்கள் அலுவலகத்துக்காக நான் எழுதிய நகர ஓடை அறிக்கையால் என்மேல் கோபம் என்று தெரியும். நைட்ரஜன் மிஞ்சியிருப்பது ஓடை கடலில் சேரும் இடத்தில்தான், மேலே புதிய மனைகள் பக்கம் இல்லை. கருவாடு கழுவும் தண்ணீர் காரணம் என்று எழுதினேன். உங்கள் கருவாட்டுக் களத்தை மாற்றச் சொன்னது அதிகாரிகள், நான் இல்லை. ஒரே பெஞ்சில் வேதியியல் படித்தவர்கள் நாம். களத்தைப் பற்றி அதிகாரிகள் நவம்பர் பதிமூன்றாம் தேதி கூட்டும் கூட்டத்தில் நீ எதுவும் பேசாதே.

அன்புடன்,
அனுசியா

திரேஸ்புரம்
2.11.2024

அனுசியாவுக்கு,

சுகம் கேட்டதற்கு நன்றி. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. முப்பது வருடமாக மீன் காயப்போடும் களம். அறிக்கையைப் படித்துக் காட்டினேன். "ஏளா, நம்ம வீட்டுச் சோறு தின்ன பிள்ளையா இப்படி எழுதிருக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் முதல் மழை பெய்ததும் ஓடையில் ஐந்து இடத்தில் தண்ணீர் எடுத்துக் நான் பாடம் நடத்தும் கல்லூரி ஆய்வகத்தில் பார்த்தேன். வயலாகவே கிடக்கும் பக்கம் நைட்ரஜன் குறைவு. மனை போட்டு சிமெண்டால் மூடிய பக்கம் நான்கு மடங்கு. அங்கே மழைத் தண்ணீர் மண்ணில் இறங்க வழியில்லை. சாக்கடையையும் செப்டிக் டேங்க் கசிவையும் வாரிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருகிறது.

நீ தண்ணீர் எடுத்தது ஜூலையில். வடக்கே யாரோ அச்சடித்த படிவத்தில் ‘மழைக்காலம்: ஜூன் முதல் செப்டம்பர்’ என்று இருந்தால் அப்படியே நிரப்பிவிடுவாயா? இங்கே ஜூலையில் கச்சான் காற்றும் புழுதியும்தானே? மழையே இல்லாமல் மேலே உள்ள அழுக்கு எப்படி ஓடையில் இறங்கும்?

கூட்டத்தில் பேசத்தான் போகிறேன்.

டயானா

மில்லர்புரம்
8.11.2024

அன்பு டயானா,

தப்புதான். படிவத்தைப் பார்த்து யோசிக்காமல் எழுதிவிட்டேன். அந்தத் தேதியைச் சபையில் சொன்னால் ஊரே சிரிக்கும், என் வேலை போய்விடும். அறிக்கையை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன், களம் உங்களுக்கே இருக்கும். ஒரு வாரம் மட்டும் பொறு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

உன் அனுசியா

திரேஸ்புரம்
14.11.2024

அனுசியா,

நேற்றுக் கூட்டத்தில் களத்தை மாற்றும் உத்தரவை நிறுத்திவிட்டார்கள். ‘மழைக்கால மாதிரி, ஜூலை ஒன்பது’ என்று நான் வாசித்ததும் பக்கத்துக் களத்து ஃபிராங்க்ளின் மாமா, "ஏலே, ஜூலைல எங்கலே மழ பேஞ்சிச்சு?" என்றார். அதிகாரியே சிரித்துவிட்டார். நீ குனிந்த தலை நிமிரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஒரு வாரம் பொறுத்திருந்தாலும் களம் தப்பியிருக்கும். தெரிந்துதான் பேசினேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். செப்டம்பரில், எங்கள் களத்தைக் குறை சொல்லும் உன் வரைவைச் சரிபார்க்கச் சொல்லி உங்கள் அலுவலகம் எங்கள் கல்லூரிக்கு அனுப்பியது. பெயர் போடாமல் பார்த்துக் கொடுத்தவள் நான்தான். அந்த ஜூலைத் தேதியை அன்றைக்கே கண்டேன். ‘திருத்தம் எதுவும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

டயானா